கேட்டுக்கு அந்தப் பக்கம்

லாரி தப்பிவிட்டது.
கட்டில், கிரைண்டர், பின்னால் கயிற்றில் ஆடிய
பச்சை வாளி
எல்லாம் நீடாமங்கலத்துக்குள் போயாகிவிட்டது.
நாங்கள் இருவரும்
மடியில் மீன்தொட்டியோடு மகளும்
கேட்டுக்கு இந்தப் பக்கம்.

எஞ்சினைக் கழற்றி
அந்தத் தலைக்குக் கொண்டுபோய் மாட்டணுமாம்.
முக்கால் மணி ஆகும் என்கிறார் பக்கத்து பைக்காரர்,
வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல.

பள்ளிக்கரணை சிக்னலில் தொண்ணூறு வினாடி.
அதற்கே சேரலாதன் ஸ்டியரிங்கைக் குத்துவான்.
இன்று காரை அணைத்துவிட்டு
கடலை வாங்க இறங்கிப் போகிறான்.

போன். பழைய வீட்டுக்காரர்.
"சாவி எங்கம்மா?"
கைப்பையில்தான் கிடக்கிறது,
புதுச் சாவியோடு ஒரே வளையத்தில்.
கூரியரில் அனுப்புகிறேன் என்றேன்.
அனுப்புநர் முகவரி இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

அரிசி மூட்டை ஏற்றிய வேகன்கள்
நாங்கள் வந்த திசைக்கு ஊர்கின்றன.
இருபத்தொன்றுவரை எண்ணிய மகள்
பாதியில் விட்டுவிட்டு
மீனுக்கு வியர்க்குமா என்கிறாள்.

கடலைக்கார அம்மா
கூடையோடு ஜன்னலுக்கே வந்துவிட்டார்.
"எந்த ஊருக்குப் போறீங்க?"

இந்த ஊர்தான் என்றேன்.
கேட்டுக்கு அந்தப் பக்கம்.