பத்துக்குப் பன்னிரண்டு

வலயத்திலிருந்து வந்த கடிதத்தில்
தலைப்பு தடித்த எழுத்தில் இருந்தது:
'எமது சூழலின் அழகு.'
சித்திர டீச்சர் மாற்றலாகிப் போய் இரண்டு தவணை.
சுகாதாரம் படிப்பிக்கும் சேர்தான் வாசித்தார்,
வாசித்துவிட்டு எங்களைப் பார்த்தார்,
நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம்.

முதல் வாரம் பதினொரு நீர்வீழ்ச்சி.
பதினொன்றும் ஒரே நீலம்,
மஸ்கெலியா டவுனில் அந்த நீலம்தான் இருந்தது.
கூடையோடு சிரிக்கும் பெண்கள் ஒன்பது பேர்.
டிலுக்ஷி வரைந்தவளுக்குக் காதில் ஜிமிக்கி,
வெறுங்காலில் அட்டை கடித்த தடமே இல்லை.
"இது யாருடி?"
"தேயிலைப் பக்கெட்டுல இருக்கிறாளே, அவ."

லோசினி மட்டும் ஒன்றும் வரையவில்லை.
தையல்கடையில் நாடா இரவல் வாங்கி
வீட்டை அளந்திருக்கிறாள்.
கொப்பி முழுக்க எண்கள்.
"சேர், பேப்பர் பத்தாது.
கிரவுண்ட் வேணும்."

கோயில் திருவிழாவில் மிஞ்சிய சுண்ணாம்பு அரை வாளி.
மிதுர்ஷன் வாளி, நான் கயிறு.
பத்தடிக்குப் பன்னிரண்டடி
புல்லின் மேல் வெள்ளையாய் விழுந்தது.
கட்டில், அதனடியில் நீளமாய் ஒரு பெட்டி:
அரிசி வாளியும் அக்காவின் சான்றிதழ்களும்.
அடுப்பு.
ஒழுகும் இடத்துக்கு ஒரு வட்டம்,
சட்டியின் விட்டம், ஏழு அங்குலம்.

பிறகு ஆட்களைப் படுக்க வைத்து
ஓரம் வரைந்தாள்.
அம்மாவுக்கு சுகிர்தா, அண்ணனுக்கு நான்,
தம்பிக்கு ஏழாம் தரத்தில் ஒருத்தனைப் பிடித்து வந்தோம்.
என் தலைமாட்டில் அவன் பாதங்கள்.
சிரித்தேன். கோடு நெளியுது என்று அதட்டினாள்.
அப்பாவுக்கு யாரையும் படுக்கச் சொல்லவில்லை,
விரலால் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்தாள்.
"கொழும்புல, கடையில நிக்கிறார்.
அந்த எடத்துலதான் நான் படிக்கிறது."

எங்கள் வீட்டை அளக்கத் தேவையில்லை.
இதே கோடுகள்தான்,
கதவு மட்டும் மறுபக்கம்.

ஒன்பதுக்கு வருவதாகச் சொன்னவர்கள்
பதினொன்றரைக்கு வந்தார்கள்.
மழை பத்துக்கே வந்துவிட்டது.
முதலில் தம்பி கரைந்தான்,
அப்புறம் அடுப்பு,
கட்டில் பாலாய் ஓடிக் கானில் இறங்கியது.
ஜீப் சத்தம் கேட்டதும்
லோசினி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல்
மழைக்குள் போய் ஒரு மூலையில் நின்றாள்.

இன்னொரு மூலையில் மிதுர்ஷன்.
எப்படி நடந்ததென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.
நாற்பத்து நாலடிச் சுற்றுக்கு
முப்பத்தொரு பேர், தோளோடு தோள்,
வாசலுக்கு மட்டும் இரண்டரையடி விட்டு.
நான் பின்சுவர்.
என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை, ஆனாலும்
அடுத்த வீட்டு டீவிச் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது.

"ஆக்கம் எங்கே?" என்றார் ஒருவர், விறாந்தையிலிருந்தே.
சேர் கையைக் காட்டினார்.
இன்னொருவர் கைபேசியில் படம் எடுத்தார்.
மூன்றாமவர், தலை நரைத்த அம்மா ஒருவர்,
குடையை மடக்கி, செருப்பை வாசலில் விட்டு
வாசலால் உள்ளே வந்தார்.
எங்கே நிற்பதென்று தெரியாமல்
கடைசியில் அந்தப் புள்ளிகள் இருந்த இடத்தில் நின்றார்.
அங்கேதான் இடமிருந்தது.

படிவத்தில் 'பயன்படுத்திய பொருட்கள்' என்றிருந்தது.
லோசினி எழுதினாள்:
சுண்ணாம்பு அரை வாளி (கரைந்தது),
தரம் பதினொன்று 'ஆ'.

முதலிடம் ஒரு நீர்வீழ்ச்சிக்கு.
டிலுக்ஷிக்கு மூன்றாமிடம், நீலமே இல்லாத வர்ணப்பெட்டி பரிசு.
எங்களுடையது 'எப்பிரிவிலும் அடங்காது' என்று திரும்பி வந்தது.

சுண்ணாம்பு தின்ற இடத்தில்
இன்னும் புல் முளைக்கவில்லை.
இடைவேளைக்கு அங்கேதான் கிரிக்கெட்.
அடுப்படியில் பந்து விழுந்தால் இரண்டு,
வாசலால் உருண்டு போனால் நாலு.
கட்டிலுக்கடியில் போனால் எத்தனையென்று
சண்டை நடக்கிறது,
இன்னும் முடிவாகவில்லை.