எந்தக் கை

வடுவூரில் ஊசி போட வந்த அன்று
ரைடு போகும் பையன்கள் மூவர்
பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்தார்கள்.
அடுத்த வாரம் செலக்‌ஷன்.
கை வீங்கிவிடுமாம்.

நான் ஓடாதது துணிச்சலால் இல்லை;
முழங்காலில் கட்டு.

"எந்தக் கை?" என்றார் சகாயமேரி சிஸ்டர்.
கார்னரில் நிற்பவன்
எந்தக் கையை விட்டுக்கொடுப்பான்?

கவியரசனும் இப்படித்தான் தள்ளிப்போட்டான்.
ஒரே மூச்சில் முப்பது நொடி பாடி
ஆளைத் தொட்டுத் திரும்புகிறவன்
தஞ்சாவூர் மெடிக்கலிலிருந்து போன் செய்தான்.
"மாப்ளே" என்பதற்குள்
இரண்டு முறை மூச்சு வாங்கினான்.
அப்புறம் பேசுகிறேன் என்று
நான்தான் வைத்தேன்.

இடதில் போடச் சொன்னேன்.
இரவெல்லாம் காய்ச்சல்.
விடிந்தும் கை தூக்க முடியவில்லை.
பையன்கள் சொன்னது சரிதான்,
இரண்டு நாளைக்கு.

சுவருக்கு இந்தப் பக்கம்
ஒற்றைச் செருப்பு
இன்னும் கிடக்கிறது.