முந்நூற்றுப் பன்னிரண்டு மரம்

மூன்றரைக்குத் தலையில் விளக்கைக் கட்டி
பொன்மனைத் தோட்டத்தில் இறங்கும்போதே
வலது காதில் ஒருத்தன் பேச ஆரம்பிப்பான்.
இடது காது பாம்புக்கு.

எந்த ஊர்க்காரனோ.
ஜந்துக்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு.
சொல்லி முடிக்கும் முன்னே தானே சிரித்துவிடுவான்,
பந்தியில் பாயசம் விளம்ப வந்தவன்
வழியிலேயே ஒரு வாய் குடித்துக்கொள்வதுபோல.

வோம்பாட் என்று ஒரு சாதனம் இருக்கிறதாம்.
சதுரம் சதுரமாய்க் கழிக்குமாம்,
வாங்கி அடுக்கிக் கையாலை கட்டலாம்.
அன்றைய சொல் கியூப்.
மழைப் பிளாஸ்டிக்குக்கு அடியில், வெட்டுக்கு மேலே,
முதல் மரத்தில் சாக்குக்கட்டியால் எழுதினேன்.

மரத்துக்கு ஒரு சொல்.
ஆக்டோபஸ், கூட வேட்டைக்கு வந்த மீனையே
சும்மா ஒரு குத்து விடுமாம்: ஸ்பைட்.
அது பதினேழாம் மரம், பட்டை நோய் பிடித்தது.
பெங்குவின் அடுத்த கூட்டில் கல்லைத் திருடிவிட்டு
வானத்தைப் பார்த்து நிற்குமாம்: ஷேம்லெஸ்.
பாறையை ஒட்டி நாற்பதாம் மரம்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார்.
‘லேஸி’ என்று எழுதியிருந்த மரத்தடியில் நின்று
“இது யாரைச் சொல்லுதது?” என்றார்.
மரத்தைத்தான், பால் கம்மி, என்றேன்.
அதற்கு மட்டும் இரண்டு கிலோ உரம் வைத்தார்.

ஆகஸ்டில் எனக்கு இன்டர்வியூ.
தெரியாத ஊரில், தெரியாத ஒரு கிழவரைக்
குளிப்பாட்டித் துடைத்துவிடும் வேலை.
அதற்கு எதற்கடி ஆக்டோபஸ் என்பாள் ஜெபமலர்.
ஏஜென்சி தந்த பாடத்தைக் காதில் போட்டால்
ஆப்பிள், அம்ப்ரெல்லா,
தூக்கத்தில் கத்தி வழுக்கிப் பெருவிரலில் மூன்று தையல்.

அன்றைக்குத் தவளை.
ஆண் விடாமல் மேலே ஏறினால்
பெண் கைகால் விறைத்துச் செத்துக் கிடக்குமாம்.
அவன் சலித்து விலகியதும்
எழுந்து நீந்திப் போய்விடுமாம்.

இருநூற்று ஆறாம் மரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.
நிற்கவில்லை.
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.
மேட்டுத் தோட்டத்தில் வாளி உருள்கிற சத்தம்,
யாரோ ஓடுகிற சத்தம்.

எட்டு மணிக்கு, சாயாக்கடையில்
டென்னிசன் எசக்கியின் பல்லை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தான்.
பாதிரியாரை விளிக்கணும் என்றான்.
“எசக்கிக்குப் பாதிரியாரா?” என்றார் கடைக்காரர்.
நான் புட்டில் பயறைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ப்ரிடெண்ட்.
எழுதத்தான் சாக்குக்கட்டியை எடுத்தேன்.
மறந்துபோகிற சொல்லுக்கல்லவா மரம்.
பதினான்கு வருஷம்
சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து
குறட்டைகூட விட்டுப் பழகியவள் நான்.
அவர் குவைத்துக்குப் போன பிறகுதான்
சொந்தக் குறட்டை எப்படி இருக்கும் என்று
மகள் சொல்லித் தெரியும்.
எனக்கு அதன் இங்கிலீஷ் மட்டும்தான் கிட்டாமல் இருந்தது.

அந்த மரம் வெறும் மரமாகவே நிற்கிறது.

டென்னிசன் ஒரு வாரம் ஒழுங்காய் வெட்டவில்லை.
பாவமாக இருந்தது.
கையாலைமேல் ஏறி நின்று கூப்பிட்டேன்.
“அப்போ எசக்கி நீயாக்கும்?”
சொல்லு, என்னத்துக்கு அப்படிச் சிரிச்ச, என்றான்.
தவளையைச் சொல்ல முடியுமா?
வோம்பாட்டைச் சொன்னேன்.
அவன் சிரிக்கவில்லை.
“சதுரம் எப்படி வெளியே வரும்?” என்று
முகம் கோணக் கேட்டுவிட்டு
வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் நாலு மணிக்கு
மேட்டிலிருந்து ஒரு சிரிப்பு,
ஒருநாள் தாமதமாக.

அப்படிச் சிரிப்பதற்கு ஒரு சொல் இருக்கும்.
அவன் இன்னும் சொல்லவில்லை.
மரம் நூற்றாறு பாக்கி.