ஒறம்பரை

டெண்ட் கடையில் சொன்னது இருநூற்றைம்பது நாற்காலி.
வந்தது நூற்றுத்தொண்ணூறு.
மிச்சம் இன்னொரு கோயிலுக்குப் போய்விட்டதாம்.
அங்கேயும் அவர்தான் பிறக்கிறார், என்ன சொல்ல.

பத்து மணிக்கே பனி.
காங்கயம் ரோட்டில் கம்பெனி வேன்கள்
கடைசி ஷிப்டை இறக்கிவிட்டுப் போயின.
எனக்கு வாசல் பொறுப்பு.
கையில் டோக்கன் கட்டு, காதில்
சாமியார் ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஒரே ஒரு கட்டளை:
'இத்தனை நாளா எங்க போனீங்க'ன்னு மட்டும்
யாரையும் கேட்டுராதீங்க.

எளிதென்று நினைத்தேன்.
பகலெல்லாம் செக்கிங் டேபிளில் நிற்கிறவன் நான்.
டியூப்லைட்டுக்கு நேரே பனியனைத் தூக்கிப் பிடித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, தப்புத் தையல்;
நல்லது இந்தப் பக்கம், டேமேஜ் அந்தப் பக்கம்.
ராத்திரிக்கு அந்தக் கண்ணைக்
கழற்றி எங்கே வைப்பது?

எதிர்வீட்டுப் பரிமளம் வந்தாள்.
தட்டில் தேங்காய், பழம், ஒரு பொட்டலம் மெழுகுவத்தி.
குடிலு எந்தப் பக்கமுங்க?
செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.
கட்டுத்தாரையில வைக்கோலு ஈரமா இருக்குதுங்களே,
கொழந்தைக்கு ஆகாதுங்க.
இருபது வருஷமாய் ஜோடிக்கிறோம்,
எங்களில் ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

ஜார்க்கண்டுப் பையன்கள் ஒன்பது பேர்,
ஒரே கலர் ஸ்வெட்டரில், ஒரே லைனில் தைத்தது போல.
பாஷை தெரியாது.
எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது என்று
எங்களைவிடச் சரியாகத் தெரியும்.

நீலத் தலைமுடியோடு ஒரு பெண், பெங்களூரிலிருந்து.
அம்மாவுக்காக வந்தேன் என்றாள்,
நான் எதுவும் கேட்காமலே.
வாங்க, வாங்க என்றேன்.

பிறகு பெரியநாயகம்.

வண்டியை நிறுத்தினான், இறங்கவில்லை.
ஹெல்மெட்டுக்குள் இருந்தாலும்
அந்தக் கழுத்துச் சாய்வு எனக்குத் தெரியும்.
பதினோரு வருஷம்.
அவன் அப்பன் செத்த அன்று நோட்டைத் திறந்தவன் நான்.
மூன்று வருடச் சந்தா பாக்கி, ஆயிரத்து எண்பது.
அடக்கம் நடந்தது.
துக்க மணி மட்டும் அடிக்கவில்லை.
விதி என்றேன்.
விரலை அந்த வரியில் வைத்துக் காட்டினேன்.

டோக்கன் நீட்டினேன். நூற்றுப் பதினாலு.
'வாங்க' வாய்க்கு வரவில்லை, வெறும் ஆவிதான் வந்தது.

இப்ப சந்தா எவ்வளவுங்க? என்றான்.

அந்த 'ங்க'தான் அறைந்தது.
ஒரே பெஞ்சில் படித்து,
போடா வாடா என்று வளர்ந்தவன்.

உள்ளே உன்னதங்களிலே பாட்டு எடுத்தார்கள்.
லாசர் மணியடித்தார், படபடவென்று,
பிறப்புக்கு அடிக்கிற மாதிரி.
அவர் கயிற்றை விட்டதும் நான் பிடித்தேன்.

ஒன்று.

மூச்சு விடும் நேரம்.

ஒன்று.

பாட்டு தாளம் தவறியது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.
யாரு போயிட்டாங்க? என்று யாரோ கேட்டார்கள்.
லாசர் என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்கவில்லை.
எத்தனை அடித்தேன் என்று தெரியாது.
என் ஆயுசில் கணக்கு வைக்காமல் செய்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்தபோது
ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது.
அவனுக்கும் நரைத்துவிட்டது.

ஒறம்பரை வந்தால் முதலில் தண்ணி கொடுக்க வேண்டும் எங்கள் பக்கம்.
சொம்புக்கு எங்கே போக?
பரிமளம் தேங்காய் உடைத்த தண்ணீர்
பேப்பர் டம்ளரில் பாதி இருந்தது.
வாங்கினான். அண்ணாந்து குடித்தான்.
தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்தானா என்று கேட்காதீர்கள்.

விடியக்காலையில் நாற்காலி அடுக்கி,
டோக்கன்களை எண்ணிக் கட்டினேன்.
நூற்றுப் பதினாலு திரும்பவில்லை.
தொலைந்தது என்று
நோட்டில் எழுதவில்லை.