ஒன்றுக்கு ஒன்று

வால்பரைசோவில், துறைமுகத்துப் பின்தெருவில் கல்லூரி.
மூன்றாம் மாடி வரைகலைக் கூடத்தில்
இருபத்திரண்டு கணினிகள்; பத்தொன்பது வேலை செய்யும்.
மாலை ஏழுக்கு வந்து உட்காருகிறவர்கள்
பகலெல்லாம் வேறு யாரோ:
யெசெனியா மீன் கிடங்கில் எடை போடுகிறாள்,
நான் மருந்துக்கடைக் கல்லாவில்.

கோட்டுக்குக் கனம் உண்டென்று
இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.
வெட்டுப்படும் சுவருக்குத் தடித்த கோடு,
தூரத்து ஜன்னலுக்கு மெலிந்தது,
தலைக்கு மேல் மறைந்த உத்தரத்துக்கு
விட்டு விட்டு ஒன்று.
செங்கோணப் பூட்டைப் போட்டுவிட்டால்
கை நடுங்கினாலும் கோடு நடுங்காது.
எங்கள் மலையில்
அப்படி ஒரு கோடுகூடக் கிடையாது.

'நீங்கள் குடியிருக்கும் வீட்டை அளந்து வரையுங்கள்,
நகராட்சியில் கொடுக்கிற தரத்தில்'
என்று சொல்லிவிட்டு
காப்பி எடுக்கப் போய்விட்டார் இத்துரியேத்தா.

எங்கள் வீடு எந்தக் காகிதத்திலும் இல்லை.
அம்மாவும் மாமாவும்
ஒரு கோடையில் ஓர் அறை,
போனஸ் வந்த வருஷம் இன்னொன்று என்று
மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனது.
தகரம் மூன்று நிறத்தில்.
நகராட்சி வரைபடத்தில் அந்த இடத்தில்
புதர் இருக்கிறது.

ஞாயிறு முழுக்க டேப்பின் மறுமுனையை
எர்வின் பிடித்தான், கொட்டாவியோடு.
சமையலறைக்கு நான்கு மூலை, நான்கு கோணம்,
தொண்ணூறு மட்டும் இல்லை.
படிக்கட்டு: பதினான்கு படி.
ஒவ்வொன்றும் இருபத்தொரு சென்டிமீட்டர் உயரம்.
பாடக் கையேடு பதினெட்டுக்கு மேல் விடாது.

திரையில் அளவெண்ணை இரண்டு முறை தட்டினால்
திறந்துகொள்ளும்.
இருபத்தொன்றை அழித்துப் பதினெட்டு என்று அடித்தேன்.
கோடு அசையவில்லை, எண் மட்டும் மாறியது.
சேமிக்கட்டுமா என்று கேட்டதே தவிர
உண்மையா என்று கேட்கவில்லை.

அம்மா பேருந்து நிலையத்தில்
கழிப்பறைச் சீட்டுக் கிழிக்கிறவள்.
சில்லறைக்கணக்கு பிசகாது.
பிரிண்ட்டை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு
'பதினாலு பதினெட்டு
இருநூத்தி அம்பத்திரண்டு.
மாடிக்கு உயரம் இருநூத்தித் தொண்ணூத்தினாலுன்னு
நீயே பக்கத்தில் போட்டிருக்கே.
மீதி நாற்பத்திரண்டு எங்கே?
எர்வின் தலையை எங்கே வைப்பான்?'

மறுநாள் எண்ணை அதன் வழியில் விட்டேன்.
'இடிக்க வேண்டியது' என்றொரு லேயர் உண்டு, சிவப்பில்.
அவள் சிமெண்ட் குழைத்த பதினான்கு படியையும்
ஒரே க்ளிக்கில் அதற்குள் தள்ளினேன்.
யெசெனியா மட்டும் திரும்பிப் பார்த்தாள்.
புதிது பதினேழு படி,
கால் வைக்க இருபத்தெட்டு சென்டிமீட்டர்.
அது பழையதைவிட ஒரு மீட்டர் முப்பத்தாறு
கூடுதலாக ஓடி
சமையலறைக்குள் இறங்கி
பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் முடிகிறது.

ஐம்பதில் ஒரு பங்காக்கிய தாளில்
அது என் கட்டைவிரலின் முதல் கணு.
'இவ்வளவுதானே' என்றாள் அம்மா.
சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரைந்தேன்,
ஒன்றுக்கு ஒன்று.
ஐந்து படிக்குக் கொஞ்சம் குறைவு.

அப்புறம் அவள் பேசவில்லை.
பானையோடு வரும்போது கோட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.
எர்வின், இல்லாத படியில்
ஒரு தரம் காலைத் தூக்கி வைத்துவிட்டு
யாராவது பார்த்தார்களா என்று பார்த்தான்.

ஏழுக்கு ஐந்து புள்ளி நான்கு வந்தது.
'சுவர்கள் கோணல். சரிபார்க்கவும்.'
பக்கத்தில் எழுதினேன்: சரிபார்த்தேன், கோணல்தான்.

இன்று காலை
பிரிட்ஜ் ஒரு சாண் நகர்ந்திருந்தது.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.
டேப்பை எடுத்தேன்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
இன்னும் ஒரு மீட்டர் பதினான்கு.