மீட்டர்காரன்

கிதகதாவில் அந்தக் கடை
எனக்கு முதலில் ஓர் எண்தான்.
தெருவில் மற்ற வீடுகள்
இருபது, முப்பது என்று அடக்கமாய் எரிக்க,
அந்தச் சாம்பல்நிறப் பெட்டிக்குள் மட்டும்
சக்கரம் பேய் பிடித்துச் சுற்றும்.
முந்நூற்றுப் பதினெட்டு.
அடுத்த மாதம் முந்நூற்று நாற்பது.
பனியைக் கையுறையால் துடைத்துக்
குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

உள்ளே போனதில்லை.
என் சுற்று அங்கே வரும் மதியத்தில்
கதவில் அட்டை தொங்கும்:
‘சாறு தீர்ந்தது.’
மாவு இருக்கும், இறைச்சி இருக்கும்,
சாறு தீர்ந்தால் கடை தீர்ந்தது.

எனக்கென்ன,
மாற்றலாகி வந்த தனியாள்.
காகிதக் கோப்பை, கொதிநீர், மூன்று நிமிடம்,
மூடி எழும்பாமலிருக்க மேலே டிவி ரிமோட்.
அதுவும் ராமென்தானே என்று
காலம் தள்ளியவன்.

பிப்ரவரியில் நானூற்று இரண்டு.
“கசிவாக இருக்கும், போய்ப் பார்”
என்றார்கள் அலுவலகத்தில்.

விடியுமுன் ஐந்து மணி.
கதவைத் தள்ளியதும்
மூக்குக்கண்ணாடி வெளுத்துக் கண் போயிற்று.
மோப்பக் கருவி பேசாமல் இருந்தது.
என் மூக்குதான் கத்தியது.

ஆள் இறங்கிக் குளிக்கலாம்போல் ஓர் அண்டா.
பன்றி எலும்பு, தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு,
அடியில் சிணுங்கும் தீ.
“கசிவெல்லாம் இல்லை,” என்றார் அனஸாவா,
“இங்கே கசிவது என் தூக்கம் மட்டும்.”
வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி
நிமிராமலே சொன்னாள்:
“பொய். அவர் குறட்டை விடுகிறார்.
முழித்திருப்பது நான்.”

குழாய் குழாயாகத் தட்டிப் பார்த்து முடிப்பதற்குள்
மணி ஏழு.
பனி தள்ளும் வண்டிக்காரர் வந்தார்,
இரவுப்பணி முடிந்த நர்ஸ் ஒருத்தி,
பையைக் காலிடுக்கில் வைத்தபடி இரண்டு பள்ளிப் பையன்கள்.
எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.
யாரும் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

தெளிந்த சாறு,
அடியில் கிண்ணத்தின் நீலக்கோடு தெரிந்தது.
கசக்கிப் பிரித்த நாடாபோல்
தட்டையாய், சுருள்சுருளாய் நூடுல்ஸ்.
முதல் வாயில் உப்பு.
அப்புறம் கடல்.
அப்புறம், எங்கிருந்தோ, மிக மெதுவாக,
ஓர் இனிப்பு.
அதற்காகவா இத்தனை கன மீட்டர்!

வண்டிக்காரர் உறிஞ்சிய சத்தத்தில்
துளியும் கூச்சமில்லை.
இரண்டாம் வாயில் எனக்கும் போயிற்று.
கிண்ணத்தைத் தூக்கி மிச்சத்தையும் குடித்தேன்.
காது மடல்வரை சூடு.

படிவத்தில் ‘கசிவு இல்லை’ என்று எழுதினேன்.
‘அதிகச் செலவுக்குக் காரணம்’ என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
‘காலை உணவு’ என்று போட்டேன்.

மார்ச்சில் நானூற்றுப் பதினொன்று.
அதில் என் பங்கும் உண்டு.
அட்டை இன்னும் மதியத்தில் தொங்குகிறதாம்.
நான் பார்ப்பதில்லை.
இப்போதெல்லாம் என் சுற்று
அந்தத் தெருவிலிருந்துதான் தொடங்குகிறது.