இடது கண்

லாக்லன் விட்டுப்போன துப்பாக்கி
அவன் கைக்கு அளந்தது.
கன்னம் வைத்தால் விரல் எட்டாது,
விரல் எட்டினால் கன்னம் நழுவும்.
பத்து வருஷம் அப்படியே சுட்டேன்.
தவறிய குறியெல்லாம் என் தவறென்றே நினைத்தேன்.

விற்றேன்.
கூடவே அந்த நீளமான சாப்பாட்டு மேசையையும்.

டிமாரு கடையில் எடுத்து நீட்டினார்கள் இதை:
பதினாறரை அங்குலக் குழல்,
மூன்று கிலோவும் கொஞ்சமும்.
ஸ்கோப் மட்டும் கண்ணருகே வராமல்
முன்னால் குழல்மேல் ஒதுங்கியிருந்தது
பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்த ஆள் போல.
'பெண்களுக்கு வசதி' என்றார் கடைக்காரர்.
'குட்டையானவர்களுக்கு' என்று திருத்தினேன்.
பின்கட்டையில் மூன்று தகடுகள்.
ஒவ்வொன்றாய்க் கழற்றக் கழற்ற
துப்பாக்கி என்னிடம் வந்துகொண்டிருந்தது.

உரிமம் புதுப்பிக்கும் வருஷம் அது.
போலீஸிலிருந்து வந்த திருமதி ஹபுகு
உங்களை நன்றாக அறிந்தவர் யார் என்று கேட்டாள்.
போன தடவை கணவன் பதில் சொன்னான்.
இந்தத் தடவை வேலிக்கு அப்பால் கை காட்டினேன்:
ஃபெர்கஸ் டோய்க், டர்னிப் போடுகிறவர்.
கோபம் வருமா, குடிப்பாளா என்று
அவர் வீட்டு வாசலில் விசாரணை.
'அவளா? கம்பளி தரம் பிரிக்கிறவள்.
ஒரு முடி வேறு நிறம் என்றால்
மூட்டை முழுவதும் பிரிப்பாள்.'
அதற்கு மேல் அவருக்கு என்னைத் தெரியாது.
அது போதும் என்று எழுதிக்கொண்டு போனாள்.

இப்போது
துப்பாக்கி இரும்பு அலமாரியில்,
போல்ட் இன்னோர் அறையில்,
தோட்டா வேறொரு பூட்டில்.
ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத மூன்று பேர்.
நான் சாவியோடு நடுவில் போய்வருகிறேன்.

முதல் ஞாயிறு, நூறு மீட்டர், காகிதம்.
குட்டைக் குழலுக்குத் தொண்டை பெரிது;
பக்கத்து மேடைக்காரர் தேநீரைச் சிந்தினார்.
மூன்று ஓட்டைகள். ஒரு பிஸ்கெட் மூடும்.
தோளில் விழுந்த ஊதாக் கறையை
யாருக்கும் காட்டவில்லை,
காட்ட ஆளும் இல்லை,
வியாழக்கிழமை மஞ்சளானது.

இதில் ஒரு கண்ணை மூடக் கூடாது.
அதைப் பழக ஒரு குளிர்காலம் ஆயிற்று.
வலது கண் ஸ்கோப்பில்,
இடது கண் சும்மா உலகத்தில்.
இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது
தலைக்குள் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

மே மாதம். ஹன்டர் குன்றுகளில் வெளிச்சம் சரிகிற நேரம்.
முகட்டில் ஒரு வாலபி,
வயிறு நிறைய ஃபெர்கஸின் டர்னிப்.
நின்று காதைத் திருப்பியது.
குறுக்குக்கோடு அதன் நெஞ்சில் படிந்தது.
விசையின் முதல் தளர்ச்சியை எடுத்தாயிற்று,
மீதி ஒரு மூச்சு.

இடது கண்தான் பார்த்தது.
முகட்டுக்குப் பின்னே, கோர்ஸ் முட்களுக்கு மேலே,
வெளிச்சம் ஒன்று
ஆடி ஆடி ஏறி வருவதை.
மண் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு டிரக்.

விரலை வெளியே எடுத்தேன்.
அது என் விரல் போலவே இல்லை.
போல்ட்டைத் தூக்கி இழுத்தேன்,
தாழ்ப்பாள் திறக்கிற அதே சத்தம்.
சுடாத தோட்டா துள்ளிப் புல்லில் விழுந்தது.
வாலபி போனது, அவசரமே இல்லாமல்.

மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது
வண்டி பக்கத்தில் வந்து நின்றது.
'முகட்டில் நின்றதே, பார்க்கவில்லையா?' என்றார் ஃபெர்கஸ்.
'என் வயலில் பாதி அதன் வயிற்றில்.'
'பார்த்தேன்.'
'பிறகு?'
'ஒரு தோட்டா தொலைந்துவிட்டது.'

முனகிக்கொண்டே இறங்கினார்.
முழங்கால் சரியில்லாத மனிதர்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
என்னோடு டஸக் புல்லை விலக்கி விலக்கித் தேடினார்.
அவர்தான் கண்டெடுத்தார்.
சட்டையில் துடைத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
'நல்லாத்தானே இருக்கு' என்றார். 'வீணாக்காதே.'

வீணாக்கவில்லை.
அடுத்த ஞாயிறு காகிதத்தில் சுட்டேன்.
அது மட்டும்
இரண்டங்குலம் இடப்பக்கம் போனது.